ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு

மருத்துவ லேப் படிப்பில் எம்.எஸ்சி. சேர்ந்து பயிற்சிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை முதல் வாரம் நான் மெஷின் பக்கமே விடுவதில்லை. காலை ஆறரை மணிக்கே ரத்தம் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். சித்தோடு, பெருந்துறை, மொடக்குறிச்சி, காங்கேயம் என்று முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு வந்து ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். பெயரையும் வயதையும் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். நரம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்டிக்கரை ரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆளின் கண் முன்னாலேயே ட்யூபில் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டி வைத்துக்கொள்ளக் கூடாது.

சிலருக்கு இது பிடிக்காது. "இதெல்லாம் பி.எஸ்சி.யிலயே பண்ணிட்டு வந்துட்டோமுங்க மேடம்" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். மூன்று வருடம் படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து, அதற்கு மேலும் இரண்டு வருடம் படிக்க வருகிற பிள்ளையை மறுபடி ஊசி பிடிக்கச் சொன்னால் கேட்கத்தான் செய்யும். அவர்களுக்கு நான் சொல்கிற பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஈரோட்டில் ஒரு மருத்துவமனை லேப்பில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அதில் பத்து வருடமாகப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

என் அப்பா மஞ்சள் மண்டியில் வேலை பார்த்தவர். மூட்டையைப் பிரித்தால் மேலாக இருப்பதை அவர் தொடவே மாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். விரலி ஒன்றை எடுத்துப் படக்கென்று ஒடித்து, உள்நிறத்தைப் பார்ப்பார். "சாம்பிள் தப்பாப் போச்சுன்னா அப்புறம் வெலை பேசறதே வீண், கண்ணு" என்பார். லேப் படிப்பில் இதற்கு 'பரிசோதனைக்கு முந்தைய கட்டம்' என்று பெயர். லேப் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, மெஷினுக்குள் நடப்பது குறைவு. பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் படிப்பதும் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதும் ஒன்றாகாது.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்து இரண்டு மாதமான ஒரு பெண், ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பொட்டாசியம் 9.4. அது 3.5-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. 9.4 என்றால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். நல்ல பிள்ளை, அவசரம் புரிந்திருக்கிறது.

"இரு கண்ணு. இதுக்குக் கீழ இருக்கற நம்பரையும் படி" என்றேன்.

கால்சியம் 4.6. எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 14. அவ்வளவு குறைவாக வருவது மிக அபூர்வம். சோடியம் 139, கச்சிதமாக இருந்தது. நோயாளி எங்கே என்று கேட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பொட்டாசியம், கால்சியம் எல்லாம் பார்ப்பது சிவப்பு மூடி ட்யூபில். அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தின் பொட்டாசிய உப்பு. ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஊதா மூடியில் ரத்தம் உறையாது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் தேவை, அவற்றையும் அது விடாது. ஆகப் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும், அந்த நொதியும் விழும், சோடியம் மட்டும் அப்படியே நிற்கும். இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தாலே ஊதா மூடி ரத்தம் சிவப்பு மூடிக்குள் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். விசாரித்தால், சிவப்பு மூடியில் ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று ஊதாவிலிருந்து எடுத்துச் சாய்த்திருக்கிறார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். நோயாளிக்கு இரண்டாவது ஊசி வேண்டாமே என்ற நினைப்பு. நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல் என்று ட்யூப்களுக்கு ஒரு வரிசை வைத்திருப்பதும் ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3. அவர் டீக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மெஷின் அன்றைக்குத் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அந்த ட்யூபுக்குள் நிஜமாகவே 9.4 இருந்தது, அந்த மனிதரின் உடம்பில்தான் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்க்கத் தெரிவதுதான் மேற்படிப்பு என்பது என் எண்ணம். பட்டனை அழுத்த மூன்று மாதம் போதும். எண் ஒன்று வெளியே போகும்போது அதை வாசலில் நிறுத்தி "நீ யாருடைய எண்?" என்று கேட்க வருடங்கள் ஆகும்.

டிப்ளமாவிலும் டிகிரியிலும் படித்ததே எம்.எஸ்சி.யில் திரும்ப வரும், ஆனால் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி என்று எல்லோருக்கும் தெரியும். ட்யூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதவீதம் வரை குறையும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாகக் குறையும். சாம்பல் மூடியில் இருக்கும் ஃபுளோரைடு அதைத் தடுக்கும் என்பது டிப்ளமா பாடம். எங்கே தடுக்கிறது என்பது அடுத்த பாடம். சர்க்கரையைச் சிதைக்கும் பத்துப் படிகளில் ஒன்பதாவது படியில் வரும் எனோலேஸ் என்ற நொதியைத்தான் அது பிடிக்கிறது. மேல்படிகள் சட்டென்று நிற்பதில்லை, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். இது தெரிந்தவர், அந்தியூர் மலையடிவாரத்தில் முகாம் போட்டு எடுத்த ரத்தத்தை "சாம்பல் மூடிதானே, மத்தியானம் போய்ச் சேரட்டும்" என்று விடமாட்டார். ஐஸ் பெட்டி கேட்பார், இல்லையென்றால் அங்கேயே சுழற்றிப் பிரித்துக் கொண்டுவரச் சொல்வார்.

இன்னொன்று, கன்ட்ரோல். தினமும் காலையில் நோயாளி ரத்தத்துக்கு முன்னால், அளவு தெரிந்த ஒரு திரவத்தை மெஷினில் ஓட்டிப் பார்க்கிறோம். வரும் எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறோம். லீவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் லேப்புக்குக் கொண்டுவந்த வரைபடம் அது. புள்ளி எப்படி விழுந்தால் நிறுத்த வேண்டும் என்று 1981-இல் வெஸ்ட்கார்ட் விதிகள் கொடுத்தார். சராசரியிலிருந்து மூன்று எஸ்.டி.க்கு (திட்ட விலக்கத்துக்கு) வெளியே ஒரு புள்ளி போனால் நிறுத்து. தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் நிறுத்து. பரீட்சைக்கு இதை எல்லோரும் நன்றாக எழுதுவார்கள். வேலைக்குப் போன இடத்திலோ கன்ட்ரோல் வெளியே போனால் உள்ளே வரும் வரைக்கும் திருப்பித் திருப்பி ஓட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. நான் இதில் மட்டும் கோபப்படுவேன். மூன்றாவது தடவை உள்ளே வந்தது என்றால் முதல் இரண்டு தடவை அது சொல்ல வந்ததை நாம் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

போன வருடம் ஒரு மாணவன் வரைபடங்களை மேசை மேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அதோடு யூரியா, மூன்றும் பத்து நாளாக ஒரே பக்கம் சரிந்துகொண்டிருந்தன. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் நேராக நின்றன. பரிசோதனைக்கு ஊற்றும் ரீஏஜென்ட் திரவத்தை மாற்றியும் சரியாகவில்லை. "மேடம், சரியற மூணும் 340-ல படிக்கறதுங்க. நிக்கற ரெண்டும் 505. லைட் போயிட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டான். ஹாலஜன் விளக்கு தேயும்போது முதலில் மங்குவது புற ஊதாப் பக்கம்தான். 340 நானோமீட்டர் அலைநீள ஒளி அங்கேதான் இருக்கிறது. விளக்கை மாற்றினோம், மறுநாள் மூன்று கோடும் நேரானது. இன்ஜினியருக்கு போன் செய்து "மெஷின் சரியில்லை" என்று சொல்வதற்கும், "லாம்ப் எடுத்துட்டு வாங்க" என்று சொல்வதற்கும் நடுவில் இருப்பதுதான் அந்தப் பையன் படித்த படிப்பு. அவன் அம்மா வீரப்பன்சத்திரத்தில் தறி ஓட்டுகிறார். துணியில் ஒரு இழை தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். அவனுக்கு அந்தக் காது வாய்த்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்வதுதான்.

டிகிரி முடித்த கையோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்தேன். டெங்கு சீசன். ராத்திரி டியூட்டியில் நான் ஒருத்திதான். காய்ச்சலோடு வந்திருந்த ஒரு அம்மாவுக்குத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 17,000 என்று அணுக்களை எண்ணும் கவுன்ட்டர் காட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மறுபடி ஓட்டினேன், 16,000. இரண்டு தடவை ஒரே மாதிரி வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ராத்திரியில் யாரும் ரத்தத்தை ஸ்லைடில் மெலிதாக இழுத்து ஸ்மியர் போட்டுப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆம்புலன்ஸ் பேசி, அந்த அம்மாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலை எட்டு மணிக்கு சீனியர் அக்கா வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதே ட்யூபிலிருந்து ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து இழுத்தார். முப்பது டிகிரிக்குச் சாய்த்த இன்னொரு ஸ்லைடால் ஒரே இழுப்பு, முனை நாக்கு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம், இரண்டு நிமிடம். அதற்கு இரண்டு பங்கு பஃபர் கரைசல், எட்டு நிமிடம். பஃபர் 6.8 பி.எச்.சில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் சிவப்பணுக்கள் நீலம் பாரித்துவிடும். கழுவித் துடைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, "வந்து பாரு அம்முணி" என்றார்.

ஸ்லைடின் மெலிந்த ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக, புளியம்பூ உதிர்ந்து கிடப்பது போல ஒட்டிக் கிடந்தன. ஒரு கொத்தில் முப்பது நாற்பது இருக்கும். சிலருடைய ரத்தத்தில் உள்ள ஒரு எதிர்பொருள், ஈ.டி.டி.ஏ.வைச் சந்தித்ததும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உடம்புக்குள் அப்படி நடப்பதில்லை, அவர்களுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, ட்யூபில் மட்டும்தான் நடக்கும். கவுன்ட்டருக்கு அளவுதான் தெரியும். பெரிதாக வருவதைத் தட்டணு என்று எண்ணாமல் விட்டுவிடும். நீல மூடி சிட்ரேட் ட்யூபில் எடுத்து எண்ணி, சிட்ரேட் கலந்ததற்காக 1.1-ஆல் பெருக்கினால் பெரும்பாலும் உண்மையான எண்ணிக்கை கிடைத்துவிடும். கோயம்புத்தூரில் அப்படித்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1,90,000-க்கு மேல்.

அக்கா எங்கள் டாக்டருக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நானே பேசியிருக்க வேண்டும், பயத்தில் வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பழைய ரிப்போர்ட் வாங்க வந்தார். தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் ஆம்புலன்ஸுக்கும் அட்மிஷனுக்கும் கட்டியிருக்கிறார். "அங்க போயிப் பாத்தா ஒண்ணுமில்லைன்னுட்டாங்க அம்மணி, சாமி புண்ணியம்" என்று சிரித்தபடியே சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவில் இருந்திருக்காது.

அந்த ஸ்லைடு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. சாயம் கொஞ்சம் மங்கிவிட்டது, கொத்துகள் தெரிகின்றன. எங்கள் லேப்பில் இப்போது ஐம்பதாயிரத்துக்குக் கீழே எந்தத் தட்டணு எண்ணிக்கையும் ஸ்மியர் பார்க்காமல் வெளியே போகாது. எண்ணெய் லென்ஸில் ஒரு வட்டத்துக்குச் சராசரியாக எத்தனை தட்டணு தெரிகிறதோ, அதைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கினால் தோராயமாக ஒரு கணக்கு வரும். மெஷின் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்.

சட்டம் இப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது. 2021-இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், டிப்ளமா என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், டிகிரி என்றால் 3,600 மணி நேரம் என்று வரையறுத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஆறு மாத லேப் கோர்ஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். ரிப்போர்ட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 டிசம்பரில் நோய்க்குறியியல் மேற்படிப்பு முடித்த பதிவுபெற்ற மருத்துவர்தான் போட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. விதிகளில் பிறகு திருத்தங்களும் வந்தன. கையெழுத்து யாருடையதாகவும் இருக்கட்டும். அந்தக் கையெழுத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ட்யூபையும் வரைபடத்தையும் ஸ்லைடையும் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாம் என்ன கற்றுக் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை.

இங்கிலாந்தில் விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் சம்பளத்தோடு மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே முதுகலையும் படிக்க வேண்டும். முதலில் வேறு வேறு பிரிவுகளில் சுற்றிவிட்டுப் பிறகுதான் தங்கள் பிரிவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் லேப் விஞ்ஞானிகளுக்கென்றே டி.சி.எல்.எஸ். என்று ஒரு முனைவர் பட்டம் வந்துவிட்டது. படிக்கிறவர்கள் டாக்டர்களோடு வார்டு சுற்றப் போய், எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்று யோசனை சொல்கிறார்கள். இங்கே எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளையின் இரண்டு வருடத்தில் பெரும்பகுதி வகுப்பறையிலும் ரெக்கார்டு நோட்டிலும் தீசிஸிலும் போய்விடுகிறது. வார்டுக்குள் காலே வைக்காமல் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். படிப்பு முடித்தவுடன் கிடைக்கிற சம்பளத்தைப் பார்த்துவிட்டு, மெடிக்கல் கோடிங்குக்குப் போய்விட்டவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் கடன் இருக்கும்.

கட்டடம் இப்போது இல்லாமல் இல்லை. 1966-இல் கோவை மருத்துவக் கல்லூரி வந்தபோது இந்தப் பக்கத்துக்கு அது ஒன்றுதான். பெருந்துறையில் ஒன்று இருக்கிறது, 2019-இல் கரூருக்கு வந்தது, 2022 ஜனவரியில் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் ஒரே நாளில் வந்தன. தனியார் கல்லூரிகள் வேறு. ஒவ்வொன்றிலும் லேப் இருக்கிறது, வார்டு இருக்கிறது, ராத்திரியில் போன் மணி அடிக்கிறது. எம்.எஸ்சி. பிள்ளைகளை இரண்டு வருடத்தில் ஆறு மாதமாவது அந்த ராத்திரிகளில் உட்கார வைத்தால் போதும். உதவித்தொகை கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

ஏனென்றால் போனை எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பாடம். எண் தப்பு என்று தெரிந்தாலும், டாக்டர் திட்டுவாரோ, நீ யார் சொல்வதற்கு என்று கேட்பாரோ என்ற பயம் இருக்கும். எனக்கு இருந்த பயம்தான். அதனால் நான் அவர்களைப் பழக்குகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதச் சொல்வேன். பெயர், வார்டு, எண், ஏன் சந்தேகம், என்ன வேண்டும் என்று ஐந்து வரி. அப்புறம்தான் போன். எதிர்முனை எண்ணைத் திருப்பிச் சொல்லும் வரை வைக்கக் கூடாது.

பொட்டாசியம் 9.4 என்று ஓடி வந்தாளே, அந்தியூர்ப் பெண், அவளுக்கு அடுத்த மார்கழியில் ராத்திரி டியூட்டி. விடிகாலை மூன்றே முக்காலுக்கு வார்டிலிருந்து ரத்தம் வருகிறது. மாலையில் 11.2 இருந்த ஹீமோகுளோபின் 7.1. பொட்டாசியம் 2.6. கால்சியமும் புரதமும் விழுந்திருந்தன. சோடியம் மட்டும் குறையவில்லை, குளோரைடு 121-க்கு ஏறியிருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி டியூட்டி டாக்டர் பிளட் பேங்குக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். இவள் ஐந்து வரி எழுதியிருக்கிறாள். போன் செய்திருக்கிறாள்.

"டாக்டர், லேப்ல இருந்து பேசறனுங்க. எல்லாமே மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்குதுங்க, சோடியம் குளோரைடு மட்டும் கொறையலைங்க. சலைன் ஏறிட்டு இருக்கற கையில எடுத்தீங்களான்னு கேட்டுச் சொல்ல முடியுங்களா?"

சலைன் என்பது சோடியம் குளோரைடு கலந்த தண்ணீர்தான். ரத்தத்தில் அது கலந்தால் மற்றதெல்லாம் நீர்த்துப்போகும். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, இருங்கள், பார்க்கிறேன் என்றிருக்கிறார். இவள் காத்திருக்கவில்லை. ட்யூபை எடுத்துக்கொண்டு தானே மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய், அடுத்த கையில் எடுத்து வந்திருக்கிறாள். ஹீமோகுளோபின் 11.0. ரிஜிஸ்டரில் நேரம் போட்டு, டாக்டர் பெயர் எழுதி, பக்கத்தில் 'வலது கை' என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். காலையில் வந்து நான் பார்த்தது அதைத்தான்.

அடுத்த வாரம் அதே டாக்டர் லேப்புக்கு போன் செய்தார். அம்மோனியாவுக்கு எந்த ட்யூபில் எடுத்து எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். ஊதா மூடி, ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள் என்றேன். சரி என்றவர், வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"அந்தியூர்ப் பொண்ணு இன்னைக்கு டியூட்டில இல்லீங்களா?"